மூக்கு அடைத்தால் காது ஏன் வலிக்கிறது?

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. பாதி மலை ஏறுவதற்குள் காது "கும்"மென்று அடைக்கும். எச்சிலை விழுங்கினால் "பட்"டென்று திறந்துகொள்ளும். சளி பிடித்தவருக்கு மட்டும் சுலபத்தில் திறக்காது. வலிக்கவும் செய்யும். ஏன்?

மூக்கின் பின்புறத்தில் இருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழாய் போகிறது. காதுக்குக் காற்று கொடுப்பது அதுதான். சளியால் மூக்கின் உட்புறம் வீங்கினால், குழாயின் வாயும் அடைபடும். நடுக்காதில் நீர் கட்டும். குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டை, படுக்கைவாட்டிலும் இருக்கும். கிருமி எளிதில் ஏறிவிடும். சீழும் வடியும்.

தொண்டைக்கும் இதே கதைதான். மூக்குச் சளி பின்புறமாக இறங்கும். இரவில் படுத்ததும் இருமல் வருவது பல நேரம் இதனால்தான். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும். மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. சளி காதுப் பக்கம் ஏறிவிடலாம்.

காது வலித்தால் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது நம் பக்கத்து வழக்கம். அடைப்போ மூக்கின் பின்னால் இருக்கிறது. எண்ணெய் செவிப்பறையைத் தாண்டாதே! பறை கிழிந்திருந்தால் ஆபத்து வேறு. பாட்டிமார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வாத்தியார்களுக்கு ஒரு வார்த்தை. கூப்பிட்டும் திரும்பாத பையனைத் திட்டுவதற்கு முன்னால், அவனுக்கு ஓயாத சளி இருக்கிறதா என்று பாருங்கள். காதில் நீர் கட்டியவனுக்குப் பாடம் பாதிதான் கேட்கும். அவனைப் பெற்றவர்களிடம் சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.