எயார்லைன்ஸுக்கு எதற்கு இந்த விசுவாசம்?



உம்மாவை உம்றாவுக்கு எந்த பிளைட்டில் அனுப்புவது என்று நாங்கள் விசாரிக்கத் தொடங்கியதிலிருந்து ஊரில் ஆளுக்கொரு கட்சி. "நம்மட நாட்டு எயார்லைன்ஸ விட்டுட்டு அரபிக்காரனுக்கு ஏன் காசு குடுக்கிறீங்க?" என்று ஒரு சாரார். "ஒரே கம்பனியில போங்க, பொயின்ட்ஸ் சேரும்" என்று இன்னொரு சாரார். இரண்டு பேருக்கும் எங்கள் பதில் ஒன்றுதான். முதலில் நேரம், அடுத்தது விலை. விசுவாசம் அந்த வரிசையிலேயே இல்லை.

நாட்டுப்பற்றுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். 1979 இல் எயார் லங்காவாகத் தொடங்கிய அதே கம்பனியின் பெரும் பங்கொன்றை 1998 இல் எமிரேட்ஸ் வாங்கியது. 2008 வரை நிர்வாகமும் அவர்களிடம்தான் இருந்தது. அந்தப் பத்து வருடமும் நீங்கள் "நம்மட" என்று ஏறியதை நடத்தியதே அரபிக்காரன்தான்! எயார்பஸ் விமானம் வாங்கியதில் நடந்த லஞ்சக் கதை 2020 இல் லண்டன் நீதிமன்றத்தில் வெளியே வந்தது. அதன் நட்டத்தை நாம் ஏற்கனவே வரியாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். டிக்கட்டிலும் கூடுதலாகக் கட்ட வேண்டுமென்று எந்தக் கடமையும் இல்லை.

பொயின்ட்ஸ் விடயம்தான் ஆளைக் கெடுப்பது. 1981 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் பெரிய அளவில் தொடங்கிய வியாபாரம் இது. மாதத்துக்கு நாலு தடவை பறக்கிற, டிக்கட்டுக்குக் கம்பனி காசு கட்டுகிற மனிசருக்குப் பொருந்தும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருகிற நம் பிள்ளைக்கு என்ன சேரும்? மலிவு டிக்கட்டுக்குக் கொஞ்சப் பொயின்ட்ஸ்தான் போடுவார்கள். அதுவும் பல இடங்களில் காலாவதியாகும். பாவிக்கப் போனால் அந்தத் திகதிக்கு சீட் இல்லை என்பார்கள். சீட் கிடைத்தாலும் வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் மாமா மஃரிபுக்குப் பிறகு மௌத்தானார். மச்சான் தம்மாமில். அங்கு அப்போது பின்னேரம் நாலு மணி. எக்ஸிட் விசா கையில் இருந்தது. அன்றிரவே வேறொரு கம்பனியின் பிளைட்டில் இரண்டு சீட் இருந்தது. ஏறியிருந்தால் விடியக் கட்டுநாயக்கவில் இறங்கி, வேனில் எட்டு மணித்தியாலம், அஸருக்கு முன் ஊர். அஸர் வரை வைத்திருக்கலாமென்று ஜமாஅத்தாரும் சொல்லியிருந்தார்கள். மச்சானோ, பல வருடம் சேர்த்த பொயின்ட்ஸ் இருக்கிறது, நமக்குத் தெரிந்த கம்பனி, அவசரமென்றால் உதவுவார்கள் என்று இரண்டு மணித்தியாலம் போனில் நின்றார். கடைசியில் மறுநாள் காலைக்குத்தான் சீட் என்றார்கள். திரும்பிப் பார்க்கும்போது மற்ற பிளைட்டில் அந்த இரண்டும் போய்விட்டது. அவர் ஊர் வந்து சேர்ந்தபோது சுபஹு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. நேரே மையவாடிக்குத்தான் கூட்டிப்போனோம்.

மச்சானை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத்தான் புத்தி வேலை செய்யும்? ஆனால் அந்தக் கார்ட்டைக் காட்டி, "நீங்க நம்மட ஆள்" என்று அவரை நம்பவைத்தது யார்?

வயதானவர்களை அனுப்பும்போது தமிழ் பேசுகிற ஆள், வீல்செயார், இடையில் மாறாத நேர் பிளைட் இவையெல்லாம் தேவைதான். அதற்குக் கூடக் காசு கொடுக்கலாம், நாங்களும் கொடுப்போம். அது சேவைக்குக் கொடுக்கிற விலை. அடுத்த தடவை வேறொருவன் அதைவிட நன்றாகச் செய்தால் அவனிடம் போவோம்.

பாடசாலை விடுமுறையில் உம்றா போக இருப்பவர்கள் ஏஜென்டிடம் டிக்கட் விலையை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு இறங்குகிறது, இடையில் எவ்வளவு நேரம் காத்திருப்பு, பேக் எத்தனை கிலோ, திகதி மாற்றினால் எவ்வளவு வெட்டுவார்கள் என்று கேளுங்கள். நடுச்சாமத்தில் இறங்கும் மலிவு டிக்கட்டுக்கு வேன் கூலியையும் கூட்டிப் பாருங்கள். உம்மாவுக்கு நாங்கள் பார்த்துவைத்திருப்பது காலையில் இறங்கும் பிளைட். எந்தக் கம்பனி என்று கேட்டு யாரும் கோல் எடுக்க வேண்டாம்.