25,000 பேருக்கு வேலை சரி, கட்டில் எங்கே?

ராணிப்பேட்டை வழியா பஸ்ல போறப்போ தோல் வாடைக்கு ஜன்னலை மூடியிருப்பீங்க. நானும்தான். அந்த வாடைக்குள்ளேயே ராத்திரி படுத்துத் தூங்குறவங்களைப் பத்தி யோசிச்சதே இல்லை, 2015-ல் நடந்ததைப் படிக்கிற வரைக்கும்.

ஜனவரி 31, விடியறதுக்கு முன்னாடி. சிட்கோ வளாகத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரிக்குள் கசடு பாய்ந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுவர் ஏன் இடிஞ்சுதுன்னு சிவில் படிக்கிறவங்க கட்டாயம் கேட்கணும். எனக்கு உறுத்துறது வேற: அவங்க ஏன் அங்கே படுத்திருந்தாங்க? வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஒப்பந்ததாரர் தகுந்த தங்குமிடம் தரணும்னு 1979-லேயே சட்டம் வந்தாச்சு.

இப்போ அதே மாவட்டத்துப் பனப்பாக்கத்துக்கு வாங்க. 2024 டிசம்பரில் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டினாங்க. 1,500 கோடி முதலீடு, 25,000 வேலை. பக்கத்துலயே டாடா மோட்டார்ஸ் வேற. சந்தோஷம்தான். ஆனா பனப்பாக்கம் ஒரு சின்னப் பேரூராட்சி. இத்தனை பேர் எங்கே தங்குவாங்க? வேலூர்லயா? சி.எம்.சி.க்கு வர்ற நோயாளிகளே காந்தி ரோட்டுல ரூமுக்கு அலையுறாங்க. காட்பாடியில நாம மூணு பேர் ரூம்ல அஞ்சு பேர்!

வழி இல்லாமலா? வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் பெண் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு திறந்தாங்க. 706.50 கோடி, 18,720 பேர். வகுத்துப் பாருங்க, ஆளுக்குச் சுமார் 3.77 லட்சம். ஹாங் ஃபூவில் ஒரு வேலைக்கு ஆகுற முதலீடு 6 லட்சம். வேலைக்கு ஆறு போடுற இடத்துல படுக்கைக்கு நாலு பெரிய காசு இல்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு முடியாமப்போய், பெண்கள் நெடுஞ்சாலையை மறிச்சாங்களே, அந்த மாதிரி நடக்குற வரைக்கும் காத்திருக்கணுமா?

விடுதி மட்டும் போதும்னு சொல்ல வரலை. கல்யாணமாகி குழந்தையோட இருக்கிறவங்களுக்குக் கட்டுப்படியாகுற வாடகை வீடுதான் வேணும். எதுவா இருந்தாலும் சாவி கம்பெனி கையில இருக்கக் கூடாது. வேலை போன அன்னைக்கே தெருவுல நிக்கணும்னா எப்படி?

1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, சுத்திகரிப்புக்கு வழி காட்டாம டேனரி ஓட்ட முடியாதுன்னு ஆச்சு. அதே மாதிரி ஆலைக்கு அனுமதி கொடுக்கும்போதே படுக்கைக் கணக்கையும் கேட்கட்டும்.

மினி ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுற சிவில் மக்களே, பனப்பாக்கத்துல வாடகைக்கு எத்தனை ரூம் இருக்குன்னு எண்ணிட்டு வாங்க. அடுத்த இதழ்லயே போடுறோம்.