தமிழ் மூன்றெழுத்தா, பதினைந்தா?

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று அரிச்சுவடி படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். மூன்று என்று விடை வரும். கணிப்பொறியில் சி மொழியின் ‘ஸ்டிரிலென்’ என்னும் கட்டளையைக் கேளுங்கள்; பதினைந்து என்று விடை வரும். இருவரும் பொய் சொல்லவில்லை. பிள்ளை எழுத்தை எண்ணிற்று. பொறி பைட்டை எண்ணிற்று. யூ.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளால் ஆனது. இதை அறியாமல், பைட்டும் எழுத்தும் ஒன்றே என்று கருதி நம் மாணவர் பலர் புரோகிராம் எழுதி வருகின்றனர். அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

இதனால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது என்று சிலர் கேட்கலாம். பெயர் கெடுகிறது, நண்பர்களே! தமிழரசி என்று ஒரு மாணவி இருப்பதாகக் கொள்வோம். அவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 12 எழுத்து, 12 பைட்டு. தமிழில் எழுதினால் 5 எழுத்து, ஆனால் 21 பைட்டு. பெயருக்கு 20 இடம் தாராளம் என்று ஒருவர் ஒதுக்குகிறார். கடைசி இடத்தை முடிவுக் குறிக்கு விட்டு, 19 பைட்டோடு பெயரை வெட்டிவிடுகிறார். பதினெட்டுப் பைட்டில் ‘தமிழரச’ என்பது வரை வந்துவிடும். பத்தொன்பதாவது பைட்டு, இகரக் குறியின் மூன்றில் ஒரு துண்டு. அது திரையில் கேள்விக் குறியாகவோ வெறுங் கட்டமாகவோ நிற்கும். அரசியை அரசியாக்கும் விகுதியையே பொறி விழுங்கிவிட்டது!

விடுதிப் பட்டியல் ஒன்றில் இப்படி வாலறுந்த பெயர்களை நான் கண்டதுண்டு. நம் பெயர்கள் மட்டுமல்ல, வங்காள நண்பர்களின் பெயர்களும், இந்தியில் எழுதியிருந்த பெயர்களும் அதே கதியில் இருந்தன. தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் ஆகிய எல்லாவற்றுக்கும் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டுத்தான். ஆகவே இது தமிழர்க்கு மட்டும் நேர்ந்த வழக்கன்று; இந்தப் பல்கலைக் கழகத்தில் நம்மோடு பயிலும் பெரும்பாலோர்க்கும் உரிய வழக்கு.

சி மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் அதை ஆக்கியபோது, ஆங்கிலக் குறி ஒன்றுக்கு ஒரு பைட்டே போதுமானதாயிருந்தது. தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிய யூனிகோடு 1991-இல்தான் வந்தது. கென் தாம்சனும் ராப் பைக்கும் யூ.டி.எப்.-8 முறையை வகுத்தது 1992-இல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1989-ஆம் ஆண்டின் சி மொழித் தர விதியிலேயே, பல பைட்டுச் சரத்தை ‘வைட் கேரக்டர்’ எனப்படும் அகலக் குறிகளாக மாற்றும் கட்டளை இடம் பெற்றுவிட்டது. ‘எம்பிஎஸ் டு டபிள்யூசிஎஸ்’ என்பது அதன் பெயர். பெயர் வாயில் நுழையாதுதான், வேலையோ எளிது. மூன்று மூன்றாக வரும் பைட்டுகளைப் படித்து, குறி ஒன்றுக்கு ஓர் அகலக் குறியாக வரிசைப்படுத்தித் தருகிறது. கருவி நம் கையில் இருக்கிறது. எடுத்துப் பழகுவோர்தாம் குறைவு.

பழகுவோர் மூன்று செய்திகளை மறவாதிருக்க வேண்டும். முதலாவது, புரோகிராம் தொடங்கும்போது சி மொழிக்கு இது எந்த ஊர், என்ன மொழி என்று தெரியாது. ‘செட்லொக்கேல்’ என்னும் கட்டளையால் யூ.டி.எப்.-8 சூழல் இதுவென்று முதலில் அறிவித்தாக வேண்டும். அறிவிக்காமல் மாற்றச் சொன்னால் தமிழ் உரியபடி மாறாது. இரண்டாவது, சரத்தில் பிழையான பைட்டு இருந்தால் அக் கட்டளை கழித்தல் ஒன்றை விடையாகத் தரும். அந்த விடையின் இனம் குறையெண் அறியாத இனம். ஆதலால் அது மிகப் பெரியதோர் எண்ணாகத் தோன்றும். சோதிக்காமல் அதை நீளமென்று நம்பினால் புரோகிராம் கவிழும். மூன்றாவது, ஒதுக்கிய இடம் முழுதும் குறிகளால் நிரம்பிவிட்டால் முடிவுக் குறி எழுதப்படுவதில்லை. பைட்டுகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அத்தனை அகலக் குறிகளுக்கு இடம் ஒதுக்கினால் அந்த அச்சமில்லை.

செய்தி துண்டு துண்டாக வந்து சேருமிடத்தில் இன்னொரு கட்டளை உதவும். 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த ‘எம்பிஆர் டு டபிள்யூசி’ என்பது அது. பிழையான பைட்டைக் கண்டால் கழித்தல் ஒன்று என்கிறது. பாதிக் குறி வந்து மீதி வரவில்லையென்றால் கழித்தல் இரண்டு என்கிறது. தவறு வேறு, தாமதம் வேறு என்று பிரித்தறியும் அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வளவும் செய்தபின் ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு என்ன விடை வரும்? ஐந்து! த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. பதினைந்து ஐந்தாயிற்று, இன்னும் மூன்றாகவில்லை. புதிய மொழிகள் இதையெல்லாம் தாமே பார்த்துக்கொள்ளும் என்போர் பைத்தானைக் கேட்டுப் பார்க்கட்டும். அதுவும் ஐந்து என்றே சொல்லும். மீதியுள்ள வேலை இலக்கணம் அறிந்தவனுடைய வேலை. உயிர்க்குறிகளும் புள்ளியும் தனியெழுத்தாகா. முன்னுள்ள எழுத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும். க்ஷ, ஸ்ரீ போன்றவற்றுக்குத் தனி விதி வேண்டும். ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும் பொறிக்கு வெவ்வேறு. ஒப்பிடுமுன் ஒருமுகப்படுத்த வேண்டும்.

எழுத்தெண்ணுவது நமக்குப் புதிதா? கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்று, ஒற்று நீக்கி எண்ணிப் பாடினார்கள் நம் புலவர்கள். அவ்வடிகளைச் சரிபார்க்க ஒரு புரோகிராம் எழுதிப் பாருங்கள். ஸ்டிரிலென் அங்கே ஒன்றுக்கும் உதவாது. அகலக் குறியாக மாற்றி, உயிர்க்குறியைச் சேர்த்து, புள்ளியெழுத்தை நீக்கினால்தான் கணக்கு வரும்.

பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் தொல்லை தீர்ந்தது என்பார் உண்டு. தீருமா? தமிழரசியை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். சான்றிதழில் ஒரு விதம், வங்கியில் மற்றொரு விதம் என்றானபின் அலைச்சல் யாருக்கு?

அகலக் குறியே வேண்டாம், எல்லாவற்றையும் யூ.டி.எப்.-8 ஆகவே வைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொரு கட்சி. அவர்கள் சொல்வதில் பாதியை ஒப்புகிறேன். லினக்ஸில் அகலக் குறிக்கு நான்கு பைட்டு, விண்டோஸில் இரண்டே. 2019-இல் யூனிகோடு சேர்த்துக்கொண்ட முந்திரி முதலிய பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் அந்த இரண்டு பைட்டுக்குள் அடங்கா. விண்டோஸில் ஒரு குறிக்கு இரண்டு இடம் பிடிக்கும். ஆகவே சேமிப்பதும் அனுப்புவதும் யூ.டி.எப்.-8 ஆகவே இருக்கட்டும். எண்ணும்போதும் வெட்டும்போதும் மட்டும் மாற்றிக்கொள்வோம். பைட்டில் கத்தி வைக்கக் கூடாது என்பதே என் வழக்கு.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் பட்டியலைத் தமிழில் வைத்துக்கொள்ளும் புரோகிராம் ஒன்றை இவ்வாண்டு நாமே சி மொழியில் எழுதுவோம். முதலாண்டு மாணவர்க்குச் சி மொழி சொல்லித் தரும் மூத்தவர்கள், பயிற்சிக்கு ‘ஹலோ’ என்பதோடு நில்லாமல், தமிழரசி, கௌதமன், ஸ்ரீதேவி என்னும் மூன்று பெயர்களையும் கொடுக்கட்டும். பிறமொழி நண்பர்களிடமும் அவரவர் பெயரைக் கேட்டு வாங்கிச் சோதிக்கட்டும். இன்று பயிலும் நாம்தான் நாளை வங்கிக்கும் மருத்துவமனைக்கும் அரசு அலுவலகத்துக்கும் புரோகிராம் எழுதப் போகிறோம். அன்று ஒருத்தியின் பெயர் முழுதாக அச்சாகுமா, அறுந்து அச்சாகுமா என்பது, இன்று நாம் எழுத்தை எண்ணக் கற்றோமா, பைட்டை எண்ணக் கற்றோமா என்பதைப் பொறுத்தது.