ஒரு பழத்துக்கு ஏழு புள்ளி

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் கணினி அலகில் ஸ்கிராட்ச் வருகிறது. விளையாட்டும் அனிமேஷனும் செய்வதற்கென்றே 2007இல் எம்ஐடி வெளியிட்ட மென்பொருள் அது. நம்மிடம் அது ஒரு மதிப்பெண் வினாவாகிவிட்டது. ஸ்பிரைட் என்றால் என்ன, எடிட்டரின் பாகங்கள் எவை என்று ஒப்பித்துவிட்டு, நிரலை ஓட்டும் பச்சைக் கொடியை ஒருமுறைகூடச் சொடுக்காமல் பதினொன்றாம் வகுப்பில் சி++ படிக்க வருகிறவர்களை ஆசிரியர்களாகிய நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

நம் முகையூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பனைமரம் புதிதல்ல. பனம்பழம் விழ, கூடை பிடிக்கிற விளையாட்டு ஒன்றை ஸ்கிராட்சில் செய்யச் சொல்லுங்கள். கட்டளைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டாம். அது இன்னொரு மனப்பாடம். பழம் கூடையைத் தொட்டால் ஒரு புள்ளி கூட வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். ‘எப்போதும்’ மடக்குக்குள் அந்த நிபந்தனையை வைப்பார்கள். ஒரு பழத்துக்கு ஏழெட்டுப் புள்ளி ஏறும்! மடக்கு நொடிக்குச் சுமார் முப்பது முறை சுற்றுகிறது. பழம் கால் நொடி கூடையில் ஒட்டியிருந்தாலே அத்தனை முறை கணக்கு. தொட்டவுடன் பழத்தை மேலே அனுப்பிவிட வேண்டும் என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும் வரை ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம்.

மறுபடி கொடியைச் சொடுக்கினால் பழைய புள்ளியிலிருந்தே ஆட்டம் தொடங்கும். மாறிக்குத் தொடக்க மதிப்பு எதற்கு என்பது அங்கே புரிந்துவிடுகிறது. சி++இல் குப்பை மதிப்பு வரும்போது அந்தப் பிள்ளை மிரளாது.

பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தானுக்குப் பல்லாங்குழியை எடுக்கலாம். 14 குழியும் ஒரு லிஸ்ட். எண் 0 முதல் 13 வரை. பதின்மூன்றாம் எண் குழியைத் தாண்டிய காய் மீண்டும் 0க்கு வர வேண்டும். ஒற்றையா இரட்டையா பார்க்க மட்டுமே நாம் காட்டிவந்த வகுமீதிக் குறிக்கு அப்போதுதான் உண்மையான வேலை கிடைக்கிறது.

போர்ஷன் முடியாது என்பீர்கள். நியாயம்தான். நேரத்தைத் தின்பது நிரலைவிடப் படம் வரைவதுதான். விட்டால் கூடைக்கு நிறம் பூசுவதிலேயே ஒரு பீரியட் போய்விடும். பழத்தையும் கூடையையும் நீங்களே வரைந்து கணினியில் போட்டுவையுங்கள். மூன்று பேருக்கு ஒரு கணினி என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மௌஸ் கை மாறட்டும்.