வயதின்மேற் பழி

“நாற்பதைக் கடந்தால் அனுசேபம் மந்தமாகிவிடும், உடம்பு தடிப்பது இயற்கையே” என்று கூறி ஆறுதலடைவோர் நம் பழைய மாணவரிடையே பலர். இக்கூற்று உண்மைக்குப் புறம்பானது.

உண்ட உணவிலிருந்து உடற்கலங்கள் சத்தியைப் பெற்றுச் செலவிடுந் தொழிலே அனுசேபத்தின் சாரம். நாம் அசையாது படுத்திருப்பினும் மூளையும் ஈரலும் இதயமும் ஓய்வதில்லை. அன்றாடச் சத்திச் செலவிற் பெரும்பங்கு இவ்வாறே கழிகின்றது. 2021ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று, பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியோர் ஈறாக 6,400க்கு மேற்பட்டோரின் சத்திச் செலவை ஆராய்ந்தது. உடலின் பருமனைக் கணக்கிற்கொண்டு நோக்கியபோது, 20 முதல் 60 வயதுவரை அச்செலவு பெரிதும் மாறாதிருந்தது. அறுபதையொட்டியே அது சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகின்றது.

அங்ஙனமாயின் மாறியது யாது? அன்று மாலைதோறும் பந்தின்பின் ஓடியவர் இன்று அலுவலகக் கதிரையினின்றெழுந்து மோட்டார் வண்டியில் அமர்கின்றார். தட்டிலுள்ள புட்டின் அளவு மட்டும் குறைந்தபாடில்லை. தேநீரோ தனிக்கணக்கு! கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனியாக நாளொன்றுக்கு ஐந்து கோப்பை அருந்துபவர், சீனியால் மாத்திரம் ஏறத்தாழ 160 கலோரி பெறுகின்றார். அதனைச் செலவிட முக்கால் மணிக்குக் குறையாத நடை வேண்டும்.

நம்மவர் இதில் அசட்டையாயிருத்தல் தகாது. ஐரோப்பியரிலும் குறைந்த நிறையிலேயே தெற்காசியரை நீரிழிவு பற்றுகின்றது. கொழுப்பு வயிற்றைச் சூழ்ந்து படிவது அதற்கொரு காரணம். ஆகவே நிறுவையை மட்டும் நம்பாது இடையையும் அளந்து பார்த்தல் நன்று. ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகளாம்.

இதனைக் கேட்டவுடன் பட்டினி கிடக்க முற்படுவோரும் உளர். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் விரைந்து மெலிந்த 14 பேரை ஆறாண்டுகளின் பின் ஆராய்ந்தனர். முடிவு 2016இல் வெளியாயிற்று. அவர்கள் ஓய்விற் செலவிட்ட சத்தி, எதிர்பார்க்கத்தக்க அளவிலும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது. இழந்த நிறையிற் பெரும்பகுதியும் மீண்டிருந்தது. சோற்றைச் சற்றே குறைத்து, பருப்பையும் கீரையையும் கூட்டி, தசை தளராதிருக்கத் தேகாப்பியாசஞ் செய்து மெல்ல மெலிதலே எனக்கு உடன்பாடு.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம்: கல்லூரி மைதானத்தைக் காலையில் ஒரு மணி நேரமேனும் எமக்குத் திறந்துவிட ஆவன செய்க. யூபிலி விருந்திற் பாயசம் இருக்கட்டும். இரண்டாம் முறை பரிமாற வருபவரை மட்டும் எங்கள் பந்திக்கு அனுப்பற்க.