நெடி வந்த பிறகா யோசிப்பது?

செம்பூர், டிராம்பே, மாஹுல் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காற்றில் காட்டமாக ஏதாவது நெடி வந்தால் ஜன்னலைச் சாத்துவோம். "ஃபாக்டரிக்காரன் எதையோ திறந்துவிட்டான்" என்போம். நெடி போனதும் மறந்துவிடுவோம். அது என்ன வாயு, அதிகமாக வந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. இந்த அலட்சியம் போதும் என்பதே என் கட்சி.

குளிர்பதனக் கிடங்குகளில் அமோனியா கம்ப்ரஸர்களோடு முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அமோனியா எனக்கு விரோதியல்ல. சோறு போட்ட பொருள். உலகில் தயாராகும் அமோனியாவில் ஏறத்தாழ 70 சதவீதம் உரத்துக்குப் போகிறது. தஞ்சாவூர் வயலில் போடும் யூரியாவும் அதிலிருந்து பிறந்ததுதான். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டிக்கும், கிடங்கில் கெடாமல் இருக்கும் உருளைக்கிழங்குக்கும் பின்னால் அது இருக்கிறது. எனவே ஆலைகளை மூடு என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. நம்மில் பல குடும்பங்களுக்கு அடுப்பு எரிவதே அந்த ஆலைகளால்தான்.

ஆனால் பழகும் பொருளின் குணம் தெரிந்திருக்க வேண்டும். அமோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அதை அழுத்தியோ குளிர வைத்தோ திரவமாகச் சேமிக்கிறார்கள். ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் 800 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். ஈரம் எங்கே என்று தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். நம் உடம்பில் ஈரமான இடங்கள் கண், மூக்கு, தொண்டை, நுரையீரல். அங்கெல்லாம் எரித்துப் புண்ணாக்கும். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பது தொழிலாளர்களுக்கு வைத்துள்ள வரம்பு. 300 பங்கு என்றால் உயிருக்கே ஆபத்து. நல்ல வேளையாக, அதற்கு வெகு முன்பே மூக்கு எச்சரித்துவிடும்.

கம்ப்ரஸர் அறைக்குள் நுழையும் முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்: செம்பு, பித்தளை வால்வு கூடாது, அமோனியா அரித்துவிடும், முகமூடி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், தேங்கி நிற்கும் திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஆவி இன்னும் கிளம்பும். மதிலுக்கு உள்ளே இருப்பவனுக்கு இவ்வளவு பாடம். மதிலுக்கு வெளியே குடியிருப்பவனுக்கு?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மீனவ மக்கள் மூச்சுத் திணறி விழித்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவில் தெருவுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆலைப் பக்கமே போகாதவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2015 ஜூனில் லூதியானா அருகே டோராஹாவில், ஒரு டாங்கர் லாரி மேம்பாலத்தின் அடியில் சிக்கி அமோனியா கசிந்தது. ஆறு பேர் இறந்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1984 போபால் கொடுமைக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த 1989 விதிகளின்படி, விபத்து நேர்ந்தால் பாதிக்கப்படக்கூடிய அக்கம்பக்கத்தாருக்கு, என்ன ஆபத்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்ல வேண்டியது ஆலையின் கடமை. 1996 விதிகள் உள்ளூர் அளவில் நெருக்கடிக் குழு அமைக்கச் சொல்கின்றன. அதில் அதிகாரிகளோடு சமூகப் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. கேட்பது நம் உரிமை. கேட்காமல் இருப்பது நாம்தான்.

நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தால் மராத்தியிலும் இந்தியிலும் வரும். பேரனைப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வந்து தனியாக வீட்டில் இருக்கும் பாட்டிக்கு அது புரியுமா? அவருக்குத் தமிழில் முன்கூட்டியே யார் சொல்வது?

சொல்ல வேண்டியது அதிகமில்லை. மேகம் போல் வாயு வந்தால் உள்ளே இருந்து கதவு, ஜன்னல், ஏ.சி., எக்ஸாஸ்ட் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். வெளியே அகப்பட்டுக்கொண்டால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர வேண்டும். கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே காற்றின் திசை தெரியும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். டாங்கரின் பலகையில் 1005 என்ற எண் இருந்தால் அது அமோனியா. கவிழ்ந்து கிடந்தால் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. அந்தப் பலகையிலேயே அவசரத் தொலைபேசி எண்ணும் இருக்கும். தூரத்தில் நின்று தகவல் கொடுத்தால் போதும்.

பட்டிமன்றத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறோம், மகிழ்ச்சி. வரும் பொங்கல் விழாவில் தீயணைப்பு அதிகாரி ஒருவரை அழைத்து அரை மணி நேரம் கொடுப்போமே! சுற்றியுள்ள ஆலைகளுக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதி, 1989 விதிகளின்படி தர வேண்டிய விவரங்களைக் கேட்டு வாங்குவோம். அதைத் தமிழாக்கி, நம்மவர் இருக்கும் ஒவ்வொரு சொஸைட்டியிலும் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவோம். தமிழாக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? செயற்குழு அன்பர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.