செங்கல் மட்டும் போதுமா?

செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் தேடினால், டியூபுலின் என்ற புரதம் செங்கல் போல அடுக்கிக் குழலாகிறது என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். புரிந்துகொள்ளப் போதாது.

ஏனென்றால் இந்தச் செங்கற்கள் ஒன்றையொன்று தள்ளுபவை! ஒவ்வொரு டியூபுலினின் வால்முனையிலும் எதிர்மின்சுமை ஏராளம். செறிவு மிக அதிகமானால் அவை தாமாகவும் சேரும். குறைந்தால் துணை வேண்டும். 1975-ல் கண்டுபிடிக்கப்பட்ட 'டௌ' புரதம் அப்படியொரு துணை. டியூபுலினைப் பற்றும் அதன் பகுதியில் நேர்மின்சுமை அதிகம். அது ஒட்டிக்கொண்டால் விலக்கம் தணிந்து குழல் உறுதிப்படுகிறது.

அப்படியானால் நேர்மின்சுமை மட்டுமே போதுமா? 1976-ல் எரிக்சனும் வோட்டரும் புரதமே அல்லாத, நேர்மின்சுமை ஏற்றிய டெக்ஸ்ட்ரானைச் சேர்த்துப் பார்த்தார்கள். குழல்கள் உருவாயின, ஆனால் இரட்டைச் சுவரோடு! ஆக, மின்சுமை கூட்டிச் சேர்க்கும். சரியான வடிவத்துக்குச் சரியான புரதம் வேண்டும்.

இது ஆய்வுக்கூட விளையாட்டு அல்ல. டௌவின் மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறினால் எதிர்மின்சுமை கூடி, அது குழலை விட்டுக் கழன்றுவிடும். பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோகும் அல்சைமர் நோயில், நரம்பு செல்களுக்குள் முடிச்சு முடிச்சாகக் கிடப்பது இத்தகைய டௌதான்.

செங்கல்லைப் பற்றிச் சொல்பவர்கள் சாந்தையும் சொல்லட்டும். சாந்து இல்லாமல் சுவர் ஏது?